பிளவக்கல் பாசனப் பகுதியில் வருவாய்க் குறைவும் வீட்டுக்கடன் தவணைத் திருத்தமும்

1. ஆய்வுப் பொருள்

கனடாவில் வீட்டுக்கடன் ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்தாண்டு போன்ற குறுகிய காலத்துக்கே செய்யப்படுகிறது. அது முடிந்ததும் புதுப்பித்தாக வேண்டும். இந்தியாவில் 15 அல்லது 20 ஆண்டுக்கும் ஒரே ஒப்பந்தம்தான். இடையில் மாறுவது வட்டி மட்டுமே. ஆகவே வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இங்கே புதுப்பிக்கும் நாள் தானாக வருவதில்லை, கடன் வாங்கியவர்தான் கேட்க வேண்டும். எப்போது கேட்பது, எதைக் கேட்பது என்ற இரு வினாக்களையும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார நிலைமையை வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வருவாயின் மூன்று வகை

2.1 வேளாண்மை: பெரியாறு, கோவிலாறு ஆகிய இரு அணைகளும் சேர்ந்ததே பிளவக்கல் திட்டம். மலையடிவாரத்தில் தேங்கும் நீர் கண்மாய்கள் வழியே வத்திராயிருப்பு வட்டார வயல்களுக்குப் போகிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்தப் போகமே போய்விடும். மழை பெய்தாலும் பணம் அறுவடைக்குப் பிறகுதான் கைக்கு வரும். தவணையோ மாதந்தோறும் வந்து நிற்கும்.

2.2 நூற்பாலை: 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது முதல் இவ்வூரின் மாதச் சம்பளத்துக்கு நூற்பாலைகள் முக்கிய ஆதாரம். பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் இடைவெளி சுருங்கினால் ஷிப்டு குறையும். 2023 ஜூலையில் தமிழகச் சிறு நூற்பாலைகள் உற்பத்தி நிறுத்தத்தில் இறங்கியதற்கும் இந்த நெருக்கடியே காரணம்.

2.3 விசைத்தறி: சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கு நெய்த அளவுக்கே கூலி. தறி நின்றால் வருமானமும் நிற்கும்.

முதல் வகையில் குறைவு பெரும்பாலும் தற்காலிகமானது. மற்ற இரண்டிலும் அது நிலைத்துவிடக்கூடும். தீர்வும் அதற்கேற்ப மாற வேண்டும்.

3. திருத்தத்தின் வழிகள்

3.1 வட்டிக் குறைப்பு: 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்படுகின்றன. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தது. இப்படிக் குறையும்போது வங்கிகள் வழக்கமாகத் தவணையை அப்படியே வைத்து ஆண்டுகளைக் குறைக்கும். வருமானம் குறைந்தவர் தவணையைக் குறைக்கும்படி கேட்க வேண்டும். பழைய முறைக் கடன் உள்ளவர், வெளி அளவுகோலுக்கு மாற்றினால் வட்டி குறையுமா என்று விசாரிக்கலாம்.

3.2 கால நீட்டிப்பு: வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. ஆனால் மாத வட்டியைக்கூட ஈடுகட்டாத அளவுக்குத் தவணை இறங்கக் கூடாது.

3.3 மறுசீரமைப்பு: கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணை ஒத்திவைப்பு இருந்தது. பின்னர் 2020, 2021 சிறப்புத் திட்டங்களில் இரண்டாண்டு வரை சலுகை கிடைத்தது. கடனின் தரமும் தாழ்த்தப்படவில்லை. அத்திட்டங்கள் முடிந்துவிட்டன. இன்று நெருக்கடியைக் காரணம் காட்டிச் சலுகை தந்தால், பொது விதிப்படி அந்தக் கடன் தரம் இறங்கும். கிளை மேலாளர் தயங்குவதற்கு இதுவே காரணம்.

4. கணக்கு

ரூ.10 லட்சம், 9 சதவீத வட்டி, 15 ஆண்டு என்று கொள்வோம். மாதத் தவணை ரூ.10,143. ஐந்தாண்டு கட்டிய பின் நிலுவை ஏறத்தாழ ரூ.8 லட்சம், அதன் ஒரு மாத வட்டி மட்டும் ரூ.6,005.

எஞ்சிய 10 ஆண்டை 15 ஆக்கினால் தவணை ரூ.8,121. மாதம் ரூ.2,022 குறைகிறது; மொத்தத்தில் ரூ.2.45 லட்சம் கூடுதலாகக் கட்ட நேரும். 20 ஆக்கினால் தவணை ரூ.7,204. இரண்டாவது ஐந்தாண்டு நீட்டிப்பில் மேலும் ரூ.917தான் குறைகிறது, கூடுதல் செலவோ மேலும் ரூ.2.67 லட்சம். முதல் நீட்டிப்பு கைகொடுக்கிறது, இரண்டாவது விலை மிகுந்தது.

ஆறு மாதம் எதுவும் கட்டாமல் ஒத்திவைத்தால் நிலுவையில் சுமார் ரூ.37,000 ஏறும். ஒரு போகம் தவறிய விவசாயிக்கு 20 ஆண்டாக நீட்டுவதைவிட இதுவே மலிவு. ஆனால் மாதம் ரூ.6,000 நிரந்தரமாக இயலாத குடும்பத்தை எந்த நீட்டிப்பும் காப்பாற்றாது. அவர்கள் ஏலம் வரும்வரை காத்திராமல், வங்கிக்குச் சொல்லி வீட்டைத் தாமே நல்ல விலைக்கு விற்பதே நட்டத்தைக் குறைக்கும்.

5. காலவரம்பும் சட்டமும்

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் அது வாராக்கடன். அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் வரும். கடனாளி ஆட்சேபம் அனுப்பினால் 15 நாளில் வங்கி பதில் தர வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடலாம். மதுரையில் அது உள்ளது. மாறும் வட்டிக் கடனை வேறு வங்கிக்கு மாற்ற முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது. ஆயினும் புதிய வங்கி வருமானச் சான்றும் ஒழுங்கான கணக்கும் கேட்கும் என்பதால் தவணை தவறும் முன்பே அது கைகூடும்.

நகையை அடகு வைத்தோ வாரக்கடன் வாங்கியோ தவணை கட்டுவது வீட்டுக்கடனைக் குறைப்பதில்லை; ஒரு கடனை இரண்டாக்குகிறது.

6. முடிவுகள்

முதலாவது, எத்தனை ஆண்டு நீட்டுவது என்பதற்கு முன் மாத வட்டியைக் கட்ட முடியுமா என்று குடும்பம் பார்க்க வேண்டும். இரண்டாவது, பருவக் குறைவுக்குக் குறுகிய ஒத்திவைப்பும், நிலையான குறைவுக்கு அளவான நீட்டிப்பும் பொருந்தும். மூன்றாவது, வத்திராயிருப்புப் பகுதி விவசாயிகளுக்கு அறுவடையை ஒட்டிய தவணை அட்டவணையை வங்கிகள் வகுத்துத் தர வேண்டும்.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். 30 நாளில் பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். சம்பளம் குறைந்த மாதமே விண்ணப்பிக்க ஏற்ற மாதம். மூன்று தவணை தவறிய பிறகு பேரம் பேசும் வலு வங்கியின் பக்கம் போய்விடும்.