அம்மாவுக்கு ஒரு அசெம்பிள்டு சிஸ்டம்: பாகம் பாகமா வாங்குற உரிமை எங்கிருந்து வந்தது?

மதர்போர்டு ஒரு கம்பெனி, ராம் இன்னொரு கம்பெனி, எஸ்.எம்.பி.எஸ். வேற ஏதோ ஒரு கம்பெனி. ரிட்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி இதையெல்லாம் வாங்கிட்டு வந்து, ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரை வெச்சு மாட்டினா கம்ப்யூட்டர் ஓடுது. இதை நாம ரொம்ப சாதாரணமா எடுத்துக்கிறோம். ஆனா மிக்ஸிக்கு மோட்டார் ஒரு கம்பெனியிலயும் போர்டு இன்னொரு கம்பெனியிலயும் வாங்கி யாராவது வீட்டுல சேர்க்கிறோமா? போன்ல முடியுமா? கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் முடியுது?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததுக்குக் காரணம் எங்க அம்மா. அரசு அலுவலகத்துல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தமிழ் டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ் பண்ணவங்க. இப்போ பென்ஷனர் சங்கத்துல கூட்டக் குறிப்பு, கடிதம் எல்லாம் அவங்க பொறுப்பு. அதை போன்லயே அடிச்சுப் பார்த்துட்டு, “விரல் போற இடத்துல எழுத்து இல்லடா”ன்னு சொல்லிட்டாங்க. சரி, ஒரு சிஸ்டம் போடலாம்னு முடிவாச்சு. மானிட்டரோட சேர்த்து 40,000 ரூபாய்க்குள்ள.

பாகங்களோட பட்டியலைப் போட உட்கார்ந்தா, அதுல ஒவ்வொரு வரியும் ஒரு பழைய சண்டையோட மிச்சமா இருக்கு. அதனால கதையை 1980-ல அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலத்துல இருக்கிற போகா ரேட்டன்ங்கிற ஊர்ல இருந்து தொடங்கணும்.

ஐ.பி.எம். அப்போ பெரிய பெரிய கணினிகள் செய்ற நிறுவனம். எல்லாத்தையும் தானே செய்யும். ஆனா மேசை மேல வைக்கிற சின்ன கம்ப்யூட்டர் சந்தையில ஆப்பிள் மாதிரி ஆளுங்க முந்திட்டாங்க. ஏறக்குறைய ஒரே வருஷத்துல ஒண்ணு தயாரா இருக்கணும்னு டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில ஒரு சின்னக் குழுகிட்ட வேலையைக் கொடுத்தாங்க. ஒரு வருஷத்துல எல்லா பாகத்தையும் சொந்தமா செய்ய முடியாது. அதனால அவங்க என்ன பண்ணாங்க? நீங்களும் நானும் ரிட்சி ஸ்ட்ரீட்ல செய்றதையேதான். கடையில கிடைக்கிறதை வாங்கிச் சேர்த்தாங்க. ப்ராசசர் இன்டெல். பிரின்டர் எப்சன். ஃபிளாப்பி டிரைவ் டேண்டன் கம்பெனியோடது. அந்தக் கம்பெனியைத் தொடங்கினவர் இந்தியாவுல பிறந்த ஜுகி டேண்டன்.

பட்ஜெட் பார்க்கிறதுலயும் அவங்க நம்மளை மாதிரிதான். இன்டெல்கிட்ட 8086-ன்னு வேகமான சிப் இருந்தது. அதை விட்டுட்டு 8088-ஐ எடுத்தாங்க. உள்ளே கிட்டத்தட்ட அதே சிப்தான், ஆனா வெளியே தரவு போற பாதை பாதி அகலம், அதனால சுத்தி வர்ற மத்த சிப்புகள் மலிவா முடியும். 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். பி.சி. அறிவிக்கப்பட்டது. ஆரம்ப விலை 1,565 டாலர். அந்த விலைக்கு 16 கிலோபைட் மெமரி. மானிட்டரும் கிடையாது, ஃபிளாப்பி டிரைவும் கிடையாது. டி.வி.யிலயும் கேசட் ரெக்கார்டர்லயும் மாட்டிக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயமும் பண்ணாங்க. சிப்புக்கு ஒரே கம்பெனியை நம்பி இருக்க ஐ.பி.எம்.முக்கு விருப்பமில்லை, இரண்டாவதா ஒருத்தரும் செஞ்சு தரணும்னு கேட்டாங்க. அதனால 1982-ல இன்டெல் தன்னோட வடிவமைப்பைப் பகிர்ந்துக்க ஏ.எம்.டி.யோட ஒப்பந்தம் போட்டது. இன்னைக்குக் கடைக்காரர் “இன்டெல்லா, ஏ.எம்.டி.யா சார்?”னு கேக்குறார் இல்லையா, அந்தக் கேள்வியோட வயசு 40 வருஷத்துக்கும் மேல.

இணைப்பு வரைபடம், ஏன், பயாஸ் நிரலைக்கூட ஐ.பி.எம். கையேட்டுல அச்சடிச்சு வித்தது. மத்தவங்க அதுக்கேத்த கார்டுகள் செய்யணும்ங்கிறதுதான் நோக்கம். பயாஸுக்குக் காப்புரிமை இருந்ததால முழு கம்ப்யூட்டரையும் யாரும் நகலெடுக்க முடியாதுன்னு நம்பிக்கை. 1982-ல ஹூஸ்டன் நகரத்துல தொடங்கின காம்பேக் அதை உடைச்சது. ஒரு குழு பயாஸ் என்னென்ன செய்யுதுன்னு மட்டும் எழுதிக் கொடுத்தது. அந்த நிரலைக் கண்ணாலயே பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வெச்சு புதுசா ஒண்ணு எழுதியது. நகல் இல்லை, ஆனா அதே வேலையைச் செய்யும். சட்டப்படி யாரும் கை வைக்க முடியலை. 1983-ல மட்டும் காம்பேக் விற்பனை 11 கோடியே 10 லட்சம் டாலர். 1984-ல ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில ஒரு பயாஸ் எழுதி யாருக்கு வேணும்னாலும் விக்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் தைவான் கம்பெனிகள் மதர்போர்டைக் குவிச்சுத் தள்ளின.

ஐ.பி.எம். 1987-ல கதவை மறுபடி சாத்தப் பார்த்தது. பி.எஸ்./2-ன்னு புது வரிசை, உள்ளே கார்டு மாட்டப் புது மாதிரி ஸ்லாட், அதைப் பயன்படுத்தணும்னா கட்டணம் கொடு. போட்டி நிறுவனங்கள் ஒண்ணு சேர்ந்து மறுத்துட்டாங்க. அந்த வரிசையில நிலைச்சதுல ஒண்ணு, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் வெச்ச வட்ட ஓட்டை. இன்னைக்கும் சில மதர்போர்டு பின்னாடி ஊதாவும் பச்சையுமா இருக்கும், பாருங்க.

இங்கே நம்ம பக்கம் வரலாம். 1984-ல ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்துச்சு. 1991 இன்னும் தளர்த்துச்சு. ஆனா அதிகம் பேசப்படாத ஒண்ணு, 1996-ல சிங்கப்பூர்ல உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம். இந்தியா 1997-ல அதுல சேர்ந்தது. 2005-க்குள்ள கம்ப்யூட்டருக்கும் அதோட பாகங்கள் பெரும்பாலானதுக்கும் இறக்குமதி வரி படிப்படியா பூஜ்ஜியம் ஆச்சு. நடுத்தர வர்க்க வீட்டு ஹால்ல பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது அந்தக் காலகட்டத்துலதான். அந்த கேபினெட்டையே நாம “சி.பி.யு.”ன்னு கூப்பிட ஆரம்பிச்சோம், இன்னும் விடலை.

சரி, அம்மா பட்டியல். ப்ராசசர்ல நான் காசை மிச்சம் பிடிச்சேன். 2011-ல இருந்து ப்ராசசருக்குள்ளயே கிராஃபிக்ஸ் வர்றது சாதாரணமாயிடுச்சு, அதனால இந்த மாதிரி உபயோகத்துக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. ஒரே எச்சரிக்கை: இன்டெல் மாடல் எண் கடைசியில ‘எஃப்’ இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் இல்லைன்னு அர்த்தம். விலை கொஞ்சம் குறைவா இருக்கும், வாங்கிட்டா திரையில ஒண்ணுமே வராது.

மலிவுன்னு மட்டும் பார்த்து எடுக்கக் கூடாதுன்னு 1998-லயே இன்டெல் காட்டிடுச்சு. முதல் செலரான்ல செலவைக் குறைக்க எல்2 கேஷ் மெமரியையே எடுத்துட்டாங்க. சிப் நொண்டியடிச்சது, விமர்சகர்கள் கிழிச்சுட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல 128 கிலோபைட் கேஷை சிப்புக்குள்ளயே வெச்சு 300ஏ வந்துச்சு, அது ஒரு ஹீரோ. மலிவான பொருள்ல எதை வெட்டியிருக்காங்கன்னு பார்க்கணும்.

நம்ம ஊர்ல வழக்கமா வெட்டப்படுறது எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோட இலவசமா வரும், மேல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும். அதை நான் நம்புறதில்லை. 2000-களோட தொடக்கத்துல தரமில்லாத கெப்பாசிட்டர்கள் உப்பி, கசிஞ்சு உலகம் முழுக்க மதர்போர்டுகள் செத்துச்சு. 80 பிளஸ் சான்று இருக்கிற ஒண்ணைத் தனியா வாங்கினேன். 1995-ல இன்டெல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். அளவுதான் இன்னும் புழக்கத்துல இருக்கு, அதனால எந்த கேபினெட்டுலயும் சிரமம் இல்லாம உட்காரும். அதுக்கு முன்னாடி மதர்போர்டுக்கு மின்சாரம் ரெண்டு தனி கனெக்டர்ல வரும். கறுப்பு வயருங்க நடுவுல அடுத்தடுத்து வரணும், மாத்திக் குத்தினா போர்டு காலி.

ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. போதும். ராம் 16 ஜி.பி. செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் சிஸ்டமும் நல்ல வழிதான். ஆனா விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிஞ்சது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா ஓடணும்னா இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது இருக்கணும், டி.பி.எம். 2.0 இருக்கணும். பழைய பெட்டியை வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

மிச்சம் பிடிச்ச காசு போனது மானிட்டருக்கும் கீபோர்டுக்கும். யூடியூப் பட்டியல்கள்ல இது ரெண்டும் கடைசியில “ஏதாவது ஒண்ணு போட்டுக்கோங்க”ன்னு வரும். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அம்மா தொடுறது ஒண்ணு, பார்க்குறது ஒண்ணு, மத்ததெல்லாம் பெட்டிக்குள்ள கிடக்கும். 1981-ல நிறைய பாகங்களை வெளியே வாங்கின ஐ.பி.எம்.கூட கீபோர்டைச் சொந்தமா செஞ்சது, ஸ்பிரிங் வெச்சு, தட்டினா ‘டக்’னு சத்தம் வர்ற மாதிரி. டைப்ரைட்டர்ல பழகின விரல்களுக்கு அந்தச் சத்தம்தான் ‘எழுத்து விழுந்துடுச்சு’ங்கிறதுக்கு அடையாளம்.

அம்மாவுக்கும் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு எடுத்தோம். டி.வி.எஸ். கோல்டு, பில்லிங் கவுன்டர்கள்ல ‘டக டக’ன்னு கேக்குமே, அது. எழுத்து வரிசைக்கு 1999-ல சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99-ஐக் கத்துக்கலாமேன்னு சொன்னேன். “முப்பது வருஷ விரலை மாத்தச் சொல்றியா?”ன்னு கேட்டாங்க. என்.எச்.எம். ரைட்டர் மென்பொருள்ல பழைய தட்டச்சு முறையும் இருக்கு, இலவசம். அதைப் போட்டுக் கொடுத்தேன்.

கூட்டக் குறிப்பு இப்போ அன்னைக்கு ராத்திரியே தயாராகுது. யு.பி.எஸ். மட்டும் இன்னும் வாங்கலை. 600 வி.ஏ. போதும், கரண்ட் போனா ஃபைலை சேவ் பண்ணிட்டு எழுந்திரிக்க அஞ்சு நிமிஷம் கிடைச்சா சரி.