சிண்டுக்குச்சியைக் காணோம்: பறையும் ஒலிப்பதிவுக் கருவிகளும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துத் தோழர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பறையடிக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய அடியைப் பதிவு செய்து வைக்கவேண்டும், என்ன மெஷின் வாங்கலாம்? கம்பெனிப் பேரும் மாடல் எண்ணும் சொன்னால் முடிந்துபோகிற கேள்விதான். ஆனால் இதற்கு நூற்றி இருபது வருசத்துப் பின்கதை இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருத்தர் ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்தார்கள். பறை அதில் விழுந்ததா, விழாமலே போனதா, விழுந்து நசுங்கிப் போனதா என்பதில் அந்தத் தேர்வுக்கும் பங்கு உண்டு. அதைப் பேசிவிட்டு மாடல் எண்ணுக்கு வருவோம்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கேசட் கிடந்தது. செந்துறைப் பக்கம் எங்கள் சனத்தில் ஒரு கிழவி செத்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னைத் திண்ணையில் வைத்துப் பதிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஒப்பாரி கேட்கிறது. பறை விழுந்தவுடனே ஒப்பாரி காணாமல் போகிறது. அடி நின்று ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற மாதிரி அழுகை மேலே வருகிறது. மறுபடி அடி, மறுபடி அழுகை கீழே. யாரோ வேண்டுமென்றே திருகுகிறார்கள் என்று சின்ன வயசில் நினைத்திருக்கிறேன். திருகியது மெஷின்தான். வீட்டு டேப்ரெக்கார்டர்களில் பெரும்பாலானவை சத்த அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மேசைக்கு முன்னால் ஒருத்தர் உட்கார்ந்து பேசுவதற்கான ஏற்பாடு அது. பெரிய சத்தம் வந்தால் எல்லாவற்றையும் அமுக்கும், அமைதி வந்தால் எல்லாவற்றையும் தூக்கும். பறையின் உயிரோ பெரிய அடிக்கும் சின்ன அடிக்கும் நடுவில் இருக்கிற ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. அதை மட்டமாக்கியது மட்டுமல்லாமல், அழுத பெண்களின் குரலையும் சேர்த்தே அந்த மெஷின் புதைத்துவிட்டது. எங்களிடம் மிஞ்சியிருக்கிற ஒரே சான்று அதுதான்.

கதை 1902இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிக்காரர்கள் சென்னைக்கும் வந்தார்கள். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழாய்க்குள் பாடவேண்டும், அந்த அதிர்வு நேராக ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கிழிக்கும். ஓங்கி அடிக்கிற தோல் கருவி என்றால் ஊசி துள்ளிவிடும். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையைப் பதிந்தபோதுகூட பெரிய முரசை ஓரங்கட்டிவிட்டு மரக்கட்டையைத் தட்டவைத்தார்கள். மின்சார மைக் வந்தது 1925இல். தட்டும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிசம், அல்லது கொஞ்சம் கூட. விடிய விடிய அடிக்கிற சாவு மேளத்துக்கு மூன்று நிமிசம் எந்த மூலைக்கு?

ஆனால் ஊசி துள்ளும் என்பது பாதிக் காரணம்தான். கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற தேவதாசி மரபுப் பெண்களின் குரல்கள் அந்தக் காலத்திலேயே தட்டில் ஏறிவிட்டன. அவர்களையும் சமூகம் இழிவாகத்தான் நடத்தியது, ஆனால் அவர்களுடைய பாட்டை வாங்குகிறவர்கள் வீட்டில் கிராமபோன் பெட்டி இருந்தது. சேரியில் பெட்டியும் இல்லை, பெட்டி வைத்திருந்தவனுக்குச் சேரியின் சத்தம் வீட்டுக்குள் வரவேண்டிய தேவையும் இல்லை. மைக் வந்த பிறகும் இந்த இரண்டாவது காரணம் அப்படியே இருந்தது.

எங்கள் பக்கத்துக்கு வானொலி என்றால் திருச்சிதான். 1939 மே 16இல் தொடங்கிய நிலையம். காலையில் மங்கல இசை என்று நாகசுரமும் தவிலும் வரும். தவிலும் தோல்தான், பறையும் தோல்தான். ஒன்று மங்கலம், இன்னொன்று அமங்கலம் என்று பிரித்தது மைக் இல்லை.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். ஆர்னால்ட் பேக் என்ற டச்சுக்காரர் 1938இல் தமிழகம், கேரளம், கர்நாடகம் எல்லாம் சுற்றி ஒலிப்பதிவு செய்தார், படமும் எடுத்தார். அவர் சேகரித்தது நாட்டைவிட்டுப் போய்விட்டது. நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி கேட்லினும் 1984இல் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குத் திரும்பி வந்தார்கள், 46 ஆண்டுகள் கழித்து. தன் தாத்தாவின் குரலைக் கேட்க ஒருத்தன் அரை நூற்றாண்டு காத்திருக்கவேண்டும் என்றால் அந்தப் பதிவு யாருடையது? அவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள், அதற்காக மதிக்கிறேன். எத்தனை பேர் கொண்டுவந்தார்கள் என்று நம் பல்கலைக்கழகத் துறைகளின் அலமாரிகளைப் பார்த்தும் கேட்கலாம்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த கேசட்தான் முதல்முறையாக மெஷினைச் சேரிக்குள் கொண்டுவந்தது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் போனதற்கு மேடை ஒரு காரணம், கேசட் இன்னொரு காரணம். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளைப் பாட்டுப் புத்தகமாக மட்டும் விடாமல் கேசட்டாகவும் பரப்பினார். விலை குறைவு, யாரும் படியெடுக்கலாம். ஆனால் அதிலும் பாட்டுதான் முன்னால் நின்றது. பறை பின்னணி.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லவேண்டும். அதே காலத்தில்தான் பல ஊர்களில் நம் இளைஞர்கள் இனிமேல் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நின்றார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். இன்னொரு பக்கம் பறை நம் கலை, நம் அடையாளம், மேடையில் ஏற்றுவோம் என்றார்கள். இரண்டும் நியாயம்தான், இரண்டும் இன்னும் தீரவில்லை. மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே ஆண்டில் தன் அப்பன் பறையடிப்பவர் என்று கல்லூரி விடுதியில் சொல்லத் தயங்குகிற பையனை எனக்குத் தெரியும். ஆகவே ரெக்கார்டரோடு போகிறவர் முதலில் கேட்கவேண்டியது சம்மதம். ஊர்த்தெருச் சாவுக்குக் கட்டாயத்தின் பேரில் அடித்துக்கொண்டிருக்கிற மனுசனின் மூக்குக்கு முன்னால் மைக்கை நீட்டுவது பதிவு இல்லை.

இனி மெஷின். டாட் என்கிற டிஜிட்டல் டேப் 1987இலும், மினி டிஸ்க் 1992இலும் வந்தன. இரண்டும் நமக்கு எட்டாத விலை. எடிரோல் ஆர்-09, ஜூம் எச்4, சோனி பிசிஎம்-டி50 எல்லாம் 2006, 2007 வாக்கில் வந்தன. கைக்குள் அடங்குகிற கருவி, மெமரி கார்டில் நேரடியாகப் பதிவு. தனி மனிதர் ஒருவர் ஸ்டூடியோ தரத்தில் பதிய முடிந்தது அப்போதிருந்துதான்.

போன வருசம் குன்னம் வட்டத்தில் ஒரு ஏரிக்கரையில் பெரியவர் ஒருவரைப் பதிய முயன்றேன். எழுபதைத் தாண்டியவர். “சாவுல புடிக்காத தம்பி, எம்மவன் படிக்கிறான். ஏரிக்கரைக்கு வா, அடிச்சுக் காட்டுறேன்” என்றார். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். என்னிடம் இருந்தது கைபேசி மட்டும். சாமி அடி, சாவு அடி, ஒத்தையடி என்று வரிசையாக அடித்தார். போட்டுக் காட்டினேன். காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இது என் அடி இல்லப்பா. சிண்டுக்குச்சிய காணோமே?”

பறைக்கு இரண்டு குச்சி. வலக்கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்த நீளமான சிண்டுக்குச்சி. சில ஊர்களில் சிம்புக்குச்சி என்பார்கள். அடிக்குச்சி ‘தம்’ என்று நெஞ்சில் விழும். சிண்டுக்குச்சி ‘கிடுகிடு’ என்று அதன் சந்துகளை நிரப்பும். கைபேசியோ மனிதக் குரலைப் பிரித்தெடுக்கவே பழக்கப்பட்டது. பேச்சாக இல்லாத சத்தத்தை இரைச்சல் என்று முடிவுகட்டி அமுக்கப் பார்க்கும். பறையை இரைச்சல் என்று சொன்ன முதல் ஆள் கைபேசி இல்லைதான். அதை வாட்சப்பில் வேறு அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கும். எம்பி3 கோப்பிலும் இதே தொல்லை: சட்டென்று விழுகிற அடிக்கு முன்னாலேயே அதன் நிழல் மாதிரி ஒரு மங்கல் சத்தம் ஒட்டிக்கொள்ளும். அடியின் கூர்மை மழுங்கிப்போகும்.

அதனால் வாங்குகிற மெஷின் வேவ் கோப்பாகப் பதியவேண்டும், 24 பிட்டாவது வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டு ஒன்று போட்டால் இரண்டு நாள் திருவிழாவையும் தாங்கும். தானே சத்தத்தைச் சரிசெய்கிற ‘ஆட்டோ லெவல்’ இருந்தால் முதல் வேலையாக அதை அணைக்கவேண்டும். ‘லோ கட்’ என்று ஒன்று இருக்கும், காற்றுச் சத்தத்தைக் குறைக்கப் போடுவார்கள். அது அடிக்குச்சியின் வயிற்றையும் சேர்த்து அறுத்துவிடும். காற்றுக்கு மைக்கின்மேல் ரோமத் தொப்பி போடுவதே மேல். ஆடிக்காற்றில் பஞ்சுத் தொப்பி போதாது.

கையில் காசு குறைவென்றால் டாஸ்கம் டிஆர்-05எக்ஸ் போதும். சாதாரண பென்சில் பேட்டரி இரண்டு, பெட்டிக்கடையில் கிடைக்கும். நட்ட நடுராத்திரியில் இது பெரிய விசயம். 2024இல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல், எச்4 எசென்ஷியல் இரண்டிலும் 32 பிட் ஃப்ளோட் முறை. அளவைத் திருகவே வேண்டாம், பெரிய அடியும் சின்ன அடியும் அப்படியே விழும், பிறகு கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இதைக் கேட்டு ஏமாந்துவிடக்கூடாது. கோப்பு தாங்கும், மைக் தாங்கவேண்டுமே! ஜூம் எச்1என் கருவியின் மைக் 120 டெசிபல் வரை தாங்கும், எச்5 உடன் வந்த மைக் 140 வரை. நாலைந்து பறையும் தாசாவும் கூடி அடிக்கிறபோது பக்கத்தில் வைத்தால் சின்ன மைக் திணறிவிடும், அப்படிப் பிய்ந்த சத்தத்தை எந்தக் கணினியும் ஒட்டித்தராது. செகண்ட் ஹாண்டில் பழைய எச்5 நல்ல நிலையில் கிடைத்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். கிடைக்காவிட்டால் தள்ளி நிற்கவேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். தள்ளி நில் என்பது நமக்குப் பழகின சொல்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் அது நமக்கு உதவுகிறது.

பேர் எழுதுகிற விசயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய கேசட் உறைகளில் ‘திருச்சி மாவட்டம்’ என்று இருக்கும். பெரம்பலூர் மாவட்டம் 1995இல் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனியாகி, 2002இல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனியானது. ஒரே ஊரின் மூன்று கேசட்டில் மூன்று மாவட்டம் எழுதியிருக்கலாம். அதனால் ஊர், வட்டம், தேதி, என்ன அடி, யார் அடித்தது என்று பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடவேண்டும், பேர் சொல்ல அவர் சம்மதித்தால். உறை தொலையும், குரல் கோப்போடு இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துக் கடன் வாங்கின எச்5ஓடு அதே ஏரிக்கரைக்குப் போனேன். இந்தத் தடவை ஹெட்ஃபோனை முதலில் அவர் காதில் மாட்டினேன். மருமகனை அடிக்கச் சொல்லிவிட்டு அவர் கேட்டார். ஆறு அடி தூரத்தில் “இடிக்குது” என்றார். பத்தில் தலையை ஆட்டவில்லை. பதினைந்து அடிக்குப் போனோம், ஸ்டாண்டைக் கொஞ்சம் தூக்கினோம். கண்ணை மூடிக் கேட்டவர், “ம், இப்ப வந்துட்டான் சிண்டு” என்றார். பிறகு பறையை வாங்கிக்கொண்டார், முக்கால் மணி நேரம் அடித்தார். கோப்பை ஒரு கார்டில் படியெடுத்துக் கொடுத்தேன். வாங்கித் துண்டு முனையில் முடிந்தவர், “ஊட்டுல கம்ப்யூட்டர் இல்ல, இருந்தாலும் இருக்கட்டும். எம்மவன் கேக்குறப்ப கேக்கட்டும்” என்றார். பையன் இன்னும் கேட்கவில்லையாம். கார்டு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.