சிபிலிஸ்

சிபிலிஸ் என்பது திரெப்போனீமா பாலிடம் என்னும் சுருள்வடிவ நுண்ணுயிரால் உண்டாகி, பெரும்பாலும் உடலுறவின் வழியாகவும், கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குழந்தைக்கும் தொற்றும் நோயாகும். இக்கிருமியை ஃபிரிட்ஸ் சவுதினும் எரிக் ஹொஃப்மனும் 1905இல் பெர்லினில் கண்டறிந்தனர். அதே ஆண்டில் கொழும்பில் பணியாற்றிய அல்டோ கஸ்டெல்லானி, இலங்கையர் பறங்கி என்றழைத்த தோல்நோயின் புண்களில் அதற்கு மிக நெருங்கிய கிருமியைக் கண்டார். பறங்கி உடலுறவால் பரவுவதன்று. எனினும் வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ 3 வாரங்களில், கிருமி புகுந்த இடத்தில் தடித்த விளிம்புடைய, வலியற்ற புண் தோன்றி, மருந்தின்றியே 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடுகிறது. ஆறுவது புண்ணேயன்றி நோயன்று. அடுத்து உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலெங்கும் பெரும்பாலும் அரிப்பில்லாத தடிப்புகளும் காய்ச்சலும் நெறிகட்டலும் தோன்றுகின்றன; இவையும் தாமாகவே மறைய, அறிகுறியற்ற மறைநிலை தொடங்குகிறது. சிகிச்சை பெறாதோருள் ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகளின் பின் பெருநாடி வீக்கம், பக்கவாதம், சித்தப்பிறழ்வு ஆகியவை நேர்கின்றன. கண், காது, நரம்பு மண்டலம் எந்நிலையிலும் தாக்கப்படலாம். கருவுற்றோரில் இது கருச்சிதைவுக்கும் குழந்தை இறந்து பிறப்பதற்கும், பிறந்த குழந்தையின் எலும்புக் குறைபாட்டுக்கும் செவிட்டுத்தன்மைக்கும் காரணமாகிறது.

வீ.டி.ஆர்.எல். எனப்படும் இரத்தப் பரிசோதனையால் ஐயம் எழுந்தால், கிருமிக்கெதிரான எதிர்ப்பொருளை நேரே காட்டும் வேறொரு பரிசோதனையால் நோய் உறுதிசெய்யப்படுகிறது. தொடக்க நிலை நோய், 24 இலட்சம் அலகு பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒன்றினாலேயே குணமாகிறது. நாட்பட்ட மறைநிலைக்கு அதே அளவு, வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை தேவை. எனினும் உறுப்புகளுக்கு ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை மருந்து மீட்பதில்லை. ஒருமுறை குணமானவருக்கு மீண்டும் தொற்றுவதும் உண்டு என்பதால், துணைவரும் சிகிச்சை பெறவேண்டும்.

இலங்கையில் கருவுற்ற பெண்ணைத் தம் பதிவேட்டில் சேர்க்கும் குடும்பநல மருத்துவிச்சியிடமிருந்தே தடுப்புப் பணி தொடங்குகிறது. மாத்தளையை அடுத்த அலுவிகாரை போன்ற ஊர்களின் தாய்மாருக்கும் தாய்சேய் நல நிலையத்தில் சிபிலிஸ் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. நோய் கண்டோருக்கு மாத்தளை வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் மந்தணம் காத்து மருத்துவம் அளிக்கப்படுகிறது. இத்தகைய ஏற்பாட்டின் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. கருவுற்ற பெண்கள் தவறாமல் பரிசோதிக்கப்படுவதால் கிட்டிய இவ்வெற்றி, வெட்கத்தால் பரிசோதனையைத் தவிர்க்கும் ஏனைய ஆண்களையும் பெண்களையும் எட்டும்போதே முழுமை பெறும்.