வன்னியில் மரக்குற்றி நகர்ந்த கதை

வன்னிக் காட்டின் கனம் அங்கே ஒரு மரக்குற்றியைத் தூக்க முயன்றவருக்குத்தான் தெரியும். பாலையும் கருங்காலியும் தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். பத்தடி நீளமும் ஒன்றரை அடி குறுக்களவும் கொண்ட பாலைக் குற்றி அரைத் தொன்னுக்கு மேல் நிறுக்கும். நால்வர் தோள்கொடுத்தால் ஆளுக்கு 125 கிலோவுக்கும் அதிகம்.

யானைகள் இருந்தனவே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தன. வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும், பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியதே யானைகளைத்தான். யாழ்ப்பாணத்தை நிர்வகித்த ஒல்லாந்த அதிகாரி ஹென்றிக் சுவார்டெக்ரூன் 1697இல் தமக்குப் பின் வருவோருக்காக எழுதிவைத்த குறிப்பிலும் வன்னியர்களின் யானை நிலுவை பற்றிய கவலை உண்டு. அந்த யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குச் சென்று, இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டுக் கப்பலேறின. பிடித்துக் கொடுத்த குடியானவனின் வளவில் குற்றி இழுக்க அவை தங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

யானையைக் கொண்டுபோனவர்கள் ஒரு சொல்லை விட்டுச்சென்றார்கள். நாம் அலவாங்கு என்பது போர்த்துக்கேய மொழியின் ‘அலவாங்கா’. நெம்புகோல் என்று பொருள். ஆறடி அலவாங்கின் நுனியைக் குற்றியின் ஒரு முனைக்கு அடியில் செலுத்தி, நுனியிலிருந்து அரையடியில் ஒரு கல்லை அண்டைகொடுத்தால், மறுமுனையை அழுத்தும் கைக்குப் பதினொரு மடங்கு வலு. 250 கிலோ கனக்கும் முனையை ஏறக்குறைய 23 கிலோ அழுத்தத்தில் கிளப்பிவிடலாம்.

குற்றியை நெடுந்தூரம் கொண்டுசென்றது மாடுதான். பின்னர் இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டு, விசுவமடுக் குடியேற்றங்களிலும் உழவு இயந்திரம் வந்தது. பெட்டியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. மாட்டுவண்டி கொட்டிலுக்குள் போயிற்று.

அதை மீண்டும் வெளியே இழுத்தது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை. டீசல் இல்லை என்று மட்டும் அதைச் சொல்வது பாதிக் கதை. சீமெந்தும் இரும்பும் கூடத் தடைப்பட்டிருந்தன. ஆகவே வீட்டுக்கும் கொட்டிலுக்கும் பதுங்குகுழியின் கூரைக்கும் மரமே கதி. முன்னெப்போதையும்விட அதிகமான குற்றிகளை நகர்த்தவேண்டியிருந்த காலத்தில், அவற்றை நகர்த்தும் எந்திரத்துக்கு எண்ணெய் இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின் இலட்சக்கணக்கானோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வந்துசேர்ந்த நிலமும் இதுவே.

அவர்களில் நானும் ஒருவன். 1996இல் மல்லாவிப் பக்கத்தில் பதுங்குகுழிக்கு மேலே போட ஒரு குற்றி கிடைத்தது. பேனா பிடித்த கை. தூக்கப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அயல்வளவுப் பெரியவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தூக்காதேங்கோ. உருட்டுங்கோ.”

அவர் தம் மாட்டுவண்டியின் ஒரு பக்கத்தில் ஒன்பதடி வேலிக்கப்புகள் இரண்டைச் சரிவாகச் சாய்த்தார். வண்டித்தட்டு நிலத்திலிருந்து மூன்றடி. இரண்டு கயிறுகளை வண்டியில் கட்டி, குற்றிக்குக் கீழே விட்டு, சுற்றி மேலாக எடுத்து, வண்டியின் மறுபக்கத்தில் நின்ற எங்களிடம் தந்தார். இழுக்க இழுக்கக் குற்றி தானே உருண்டு ஏறியது. பின்னர் கணக்குப் பார்த்தேன். சரிவு பாரத்தை மூன்றில் ஒன்றாக்குகிறது. கயிறு சுற்றிவருவது அதையும் பாதியாக்குகிறது. 500 கிலோக் குற்றிக்கு 83 கிலோ இழுவை. மூன்று பேர் போதும். குற்றிக்குக் கீழ்ப்பக்கத்தில் மட்டும் எவரையும் நிற்கவிடமாட்டார். கயிறு அறுந்தால் குற்றி வந்த வழியே இறங்கும் என்பார். நான்காவது ஆளாக நின்ற அவருடைய பேரனை அதற்காக இரண்டு முறை அதட்டினார்.

2002இல் தடை நீங்கி டீசல் வந்தது. 2009இல் எல்லாம் போனது. உழவு இயந்திரங்கள் முள்ளிவாய்க்கால் வழியெங்கும் கைவிடப்பட்டுக் கிடந்தன. மாடுகள் என்னவாயின என்று எவரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை.

2012இல் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் மீள்குடியேறிய குடும்பமொன்றைக் கண்டேன். பழைய பதுங்குகுழியைக் கிண்டி, கூரையாகக் கிடந்த முதிரைக் குற்றிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு இன்னும் உழுக்கவில்லை. வீட்டு நிலைக்கு ஆகுமாம். வண்டியும் இல்லை, மாடும் இல்லை. தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஓர் அலவாங்கும். குழியின் சுவரில் இரண்டு கப்புகள் சரிவாகச் சாய்ந்திருந்தன. கயிறு குற்றியைச் சுற்றி மேலே வந்திருந்தது. நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு மூத்தவளுக்குப் பக்கத்தில் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.