காவல்துறையில் சேரலாமா? வரலாறு கூறும் பதில்

 

 

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு மனுச் செய்யலாம் என்றிருக்கிறேன். அத்தா போகச் சொல்கிறார். அம்மா வேண்டாம் என்று அழுகிறார். நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

தகப்பனாரின் ஆசை நியாயமானது. மழையை நம்பிய கரிசல் காட்டையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பி வாழும் கோவில்பட்டி வட்டாரத்தில், மாதச் சம்பளமுள்ள அரசுப்பணி ஒரு குடும்பத்தையே கரையேற்றும். தாயாரின் அச்சத்திற்கும் காரணம் உண்டு. இவ்விருவருக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது.

கண்ணியமான பணி

மக்களின் உயிரையும் பொருளையும் மானத்தையும் காப்பது மார்க்கம் போற்றும் பணியாகும். நபி (ஸல்) அவர்களிடத்தில் கைஸ் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள், ஓர் ஆட்சித் தலைவரிடம் காவல் தலைவர் இருப்பதைப் போன்ற நிலையில் இருந்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே, பணியில் இழிவில்லை. பணியைச் செய்பவர் அதை எவ்வாறு செய்கிறார் என்பதே கேள்வி.

வெயிலில் நிறுத்தப்பட்டவர்கள்

ஷாம் தேசத்தில் ஒருநாள், ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் சில உழவர்கள் வெயிலில் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். வரி பாக்கிக்காகத் தண்டிக்கப்படுகிறார்கள் என்று சொல்லப்பட்டது. உலகில் மக்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்று நபியவர்கள் எச்சரித்ததைத் தாம் கேட்டதாக ஹிஷாம் (ரலி) சாட்சி கூறினார்கள். ஆளுநர் உமைர் இப்னு ஸஅத் அவர்களிடமும் சென்று எடுத்துரைத்தார்கள். உழவர்கள் உடனே விடுவிக்கப்பட்டார்கள். முஸ்லிம் நூலில் இடம்பெற்ற செய்தி இது.

இதே காட்சியைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் சென்னை மாகாணத்திலும் காண்கிறோம். பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் தேசகாவல், ஸ்தலகாவல் என்ற முறைகள் இருந்தன. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, பாளையங்கள் ஒடுக்கப்பட்ட பின் அதிகாரம் கம்பெனியின் கைக்குச் சென்றது. பின்னர் வரி வசூலிக்கும் அதிகாரிகளிடமே காவல் அதிகாரமும் தரப்பட்டது. விளைவு என்ன? 1854இல் நியமிக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் அளித்த அறிக்கை அதைக் கூறுகிறது: குடியானவர்களை வெயிலில் நிறுத்துவது, விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது போன்ற கொடுமைகள் பரவலாக நடந்துவந்தன.

அவ்வறிக்கைக்குப் பின், 1859இல் காவலுக்கென்று தனிச்சட்டம் வந்தது; வரி வசூலும் காவலும் பிரிக்கப்பட்டன. காவலரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் கூறியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி உள்ளது. அடித்து வாங்கும் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே இதன் கருத்து.

கோவில்பட்டி கண்ட துயரம்

சட்டம் மாறியது, மனிதர்கள் மாறினார்களா? 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறி, சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும் காவல்நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டனர். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிரிழந்தனர். தாய்மார்களின் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் அதே நிலையத்தில் இன்னொருவரும் இருந்தார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரிக்கச் சென்றபோது, தலைமைக் காவலர் ரேவதி, இருவரும் இரவு முழுவதும் அடிக்கப்பட்டதையும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்ததையும் கூறினார். சக காவலர்கள் வெளியே இருந்தனர். கையெழுத்திட அவர் அஞ்சினார், பின்னர் கையெழுத்திட்டார். நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்று, செப்டம்பரில் 9 காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

ஒரே நிலையம், ஒரே காக்கி உடை. ஆனால் அந்தச் சகோதரி சொன்ன உண்மை இல்லாதிருந்தால் அவ்விரவு இருளிலேயே மறைந்திருக்கக் கூடும். நியாயவான்கள் அனைவரும் ஒதுங்கி நின்றால் அப்படிப்பட்ட இரவில் சாட்சி சொல்ல யார் இருப்பார்கள்?

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும்

அந்த இளைஞரிடம், "தம்பி, போங்கள். ஆனால் போகுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள்" என்றேன். அடிக்கச் சொல்லும் உத்தரவு வரும் நாளில் முடிவு செய்ய நேரம் இருக்காது. படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்பினத்திற்குக் கீழ்ப்படிதல் இல்லை. நமக்கோ நம் உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தின் கட்டளை. அந்த உறுதி இல்லாதவர் வேறு ஹலாலான தொழிலைத் தேடிக்கொள்வதே அவரது ஆகிரத்திற்கு நல்லது.

பெற்றோரே! தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எழுத்துத் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் நடத்தியே ஆட்களை எடுக்கிறது. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடும் உண்டு. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்து நுழைபவர் நாளை ஏழையிடம் அதை வசூலிப்பார்.

ஜமாஅத்தாரே! நம் பிள்ளை காவலரானால், நம் தவறுகளை மறைக்க அவரை அழைக்காதீர்கள். முதல் சோதனையை நாமே அவருக்குத் தந்துவிட வேண்டாம்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளை அநியாயக்காரர்களாகவோ, அநியாயத்தைக் கண்டு வாய்மூடி நிற்பவர்களாகவோ ஆக்காமல், நீதியின் காவலர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.