பாயோடு ஒட்டிப் போனவர்கள்

 

மட்டக்களப்பாரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் கேலிப் பேச்சொன்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உத்தியோகத்தின் பொருட்டு மட்டக்களப்புக்குச் செல்லும் வாலிபனை அவ்வூர்ப் பெண்கள் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள், பின்னர் அவன் ஊர் திரும்பான் என்பதே அது. சொன்னவர்கள் சிரிப்பதற்காகவே சொன்னார்கள். எனினும் அதற்குள் கண்ணால் கண்ட உண்மையொன்று இருந்தது. எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் இடமாற்றம் பெற்று வந்தோர் பலர் இங்கே மணமுடித்து, மனைவியின் வளவிலேயே வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடங்கினர். ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரால் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தைக் கடந்து வந்த மாப்பிள்ளைகள், மனைவியை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் குடிபோக மீண்டும் அப்பாலத்தைக் கடக்கவில்லை. அதற்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வீடு பெண்ணுடையது, அவ்வளவுதான்.

இந்த ஒரு செய்தியை விளங்கிக்கொள்ளாமல் கல்லடியிலோ, தெற்கே நாவற்குடாவைத் தாண்டிக் காத்தான்குடியிலோ, அதற்கும் அப்பால் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரையிலோ ஒருவர் குடியேறினால், அவர் காண்பனவெல்லாம் அவருக்குக் கோணலாகவே தோன்றும். இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாக அமைந்துள்ளனர். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணமுடிப்பது முறையன்று. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காரும் தத்தம் குடியின் சார்பில் பொறுப்பேற்பது பழைய ஒழுங்கு. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வரே, 2008இல் வெளியிட்ட பெருநூலில், இவ்விரு சமூகத்தாரும் இவ்வழக்கத்தை எவ்வளவு ஆழமாகப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை விரித்துரைக்கிறார். 1990ஆம் ஆண்டின் இரத்தக்களரிக்குப் பின்னர் ஒரே வீதியின் இரு முனைகளில் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அந்நியராகப் பார்க்கத் தொடங்கினர். அப்பொழுதும், மகளுக்கு வீடு கட்டும் தகப்பனின் கவலை இரு முனைகளிலும் ஒன்றாகவே இருந்தது.

மூத்த மகளுக்கு மணமாகும்போது பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, அருகில் சிறியதொரு வீட்டுக்கு ஒதுங்குவதுண்டு. அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. இவ்வாறு சகோதரிகள் அயல் வளவுகளில் வாழ, மருமக்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து சேர்வர். வலை, வயல், வணிகம் என்று ஆண்கள் நாட்கணக்கில் வெளியே தங்கும் ஊர்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடே. காத்தான்குடி வணிகர்கள் சரக்கோடு நாடெங்கும் அலைந்த காலத்தில் அவர்களுடைய மனைவியர் தனித்து விடப்படவில்லை. அவர்களைச் சூழ உம்மாவும் சாச்சியும் ராத்தாவும் இருந்தனர்.

யாழ்ப்பாணத்திலும் சீதனம் உண்டு; ஆயினும் அங்கே தாய்வழிக் குடி இல்லை. கொழும்பிலும் காலியிலும் முஸ்லிம் மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்குவது காணப்படுகிறது. கிழக்கில் அது குடியோடும் காணியோடும் பிணைந்து இறுகியிருக்கிறது.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வினவலாம். கேரளக் கரையோடு தொடர்புடைய முக்குவரின் தாய்வழி உரிமைமுறை இப்பிரதேசத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. அதனைப் பிரிட்டோ என்பவர் 1876இல் முக்குவர் சட்டம் என்று நூலாக்கினார். கடல்வழி வந்த முஸ்லிம் வணிகர் இந்நாட்டுப் பெண்களை மணந்தபோது பெண்வீட்டு வழக்கத்தையும் ஏற்றனர். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். ஊரும் தொழிலும் இழந்து வந்தவர்கள், தம்மை ஏற்றுக்கொண்ட மண்ணின் குடிமுறைக்குள்ளேயே காலப்போக்கில் அமைந்தனர். இதனைக் கிழக்கிலங்கைக்கே உரிய விந்தை என்று எண்ணிவிட வேண்டாம். மலபார் மாப்பிள்ளைமாரிடையிலும், இலட்சத்தீவிலும், சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களிடையிலும் தாய்வழி முறை இஸ்லாத்தோடு இணைந்து நூற்றாண்டுகள் வாழ்ந்துள்ளது. காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் செல்கிறார்.

இனி இவ்வழக்கத்திலிருந்து பிறக்கும் நடை உடை பேச்சுகளைப் பாருங்கள். கண்டியிலிருந்து வரும் மருமகனுக்கு, வீட்டின் முடிவுகளை மாமி எடுப்பதும், மனைவியின் குரல் தன் குரலுக்குக் குறையாமல் ஒலிப்பதும் மரியாதைக் குறைவாகத் தோன்றும். பழைய நாளில் மாமி மருமகனின் முன்னே வந்து நேரே பேசமாட்டார். கதவோரம் நின்று மகள் வாயிலாகவே செய்தி சொல்வார். அதனைப் புறக்கணிப்பென்று அவர் எண்ணக்கூடும். சொல்பவருக்கோ அதுவே உயர்ந்த மரியாதை. இங்கே காக்கா என்றால் மூத்த சகோதரன். தென்மேற்கில் அவரை நானா என்பர். தென்மேற்கு முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்று அழைப்பதைக் கேட்டு, வீட்டில் ஒரு முதியவரைத் தேடும் தமிழ் நண்பர்களும் உண்டு! சொல் மாறினால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். வீட்டில் யார் பெரியவர் என்பதே மாறும்போது சிரிப்பு வருவதில்லை.

இத்தகைய அதிர்ச்சியை நம் வரலாற்றில் மிகத் தெளிவாகச் சொல்லியவர் உமர் (ரழி) அவர்கள். கி.பி. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த முஹாஜிர்களுக்கு அவ்வூரின் காய்ச்சல் மட்டுமன்றி அவ்வூரின் குடும்ப வழக்கமும் புதிதாயிருந்தது. மக்காவின் குறைஷிகள் மனைவியரை அடக்கி ஆள்வோர். மதீனாவின் அன்ஸாரிகளிடையே பெண்களின் கை ஓங்கியிருந்தது. அங்கே சென்றபின் குறைஷிப் பெண்களும் அன்ஸாரிப் பெண்களின் போக்கைக் கற்கத் தொடங்கினர். ஒருநாள் உமர் (ரழி) அவர்களின் மனைவி எதிர்த்துப் பேசவே, அவர்கள் சினந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் துணைவியரே அவர்களுக்கு மறுமொழி சொல்கின்றனரே என்று அந்த அம்மையார் கேட்டார்கள். உமர் (ரழி) அவர்கள் திடுக்குற்று, தம் மகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் விரைந்தார்கள். பின்னொரு நாள் இந்த மக்கா, மதீனா வேறுபாட்டை நபி (ஸல்) அவர்களிடமே எடுத்துரைத்தபோது, நபியவர்கள் புன்னகைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி விரிவாக வருகிறது. இளைஞர்களே, அப்புன்னகையை நிதானமாக எண்ணிப் பாருங்கள். மதீனாவின் பெண்களைத் திருத்துமாறு அங்கே எவ்விதக் கட்டளையும் பிறக்கவில்லை.

அதே கிரந்தத்தில் இன்னொரு செய்தி. ஆயிஷா (ரழி) அவர்கள் ஒரு மணமகளை அன்ஸாரி மணமகனிடம் அனுப்பிவைத்தபோது, கேளிக்கை ஏதும் இல்லையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். அன்ஸாரிகள் அதனை விரும்புவோர் என்பதே அதற்குக் காரணம். மக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள், மதீனாத்துக் குடும்பத்தின் விருப்பத்தை அறிந்துவைத்திருந்தார்கள். பிற ஊரிலிருந்து மருமகள் எடுக்கும் தாய்மார் இதனைக் கவனிப்பது நல்லது.

வந்தவர்களுக்கு முஹாஜிர் என்றும், வரவேற்றவர்களுக்கு அன்ஸார் என்றும் அன்று கண்ணியமான பெயர்கள் அமைந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம்களுக்கு வாய்த்த பெயர் அகதி. மார்க்கமும் மொழியும் ஒன்றாயிருந்தும் அச்சொல் அங்கேயே பிறந்த பிள்ளைகள் மீதும் ஒட்டிக்கொண்டது.

மாறான உதாரணமும் நம் வரலாற்றில் இருக்கிறது. மொரோக்கோவின் தஞ்சாவில் பிறந்த இப்னு பதூதா 1343ஆம் ஆண்டு மாலைதீவை அடைந்தார். அங்கே அரசாண்டவர் சுல்தானா கதீஜா என்னும் பெண். அத்தீவு மக்களின் பக்தியையும் தூய்மையையும் அவர் மனமாரப் புகழ்ந்தார். காழிப் பதவி கிடைத்ததும் அவர்களைத் திருத்த முற்பட்டார். இடுப்பில் மட்டும் துணியுடுத்தும் பெண்களை மேலாடை அணியச் செய்ய முயன்று தோற்றதை அவரே எழுதியிருக்கிறார். நீதிமன்றத்துக்கு வரும் பெண்களிடம் மாத்திரமே அவருடைய கட்டளை செல்லுபடியானது. விவாகரத்தான பெண் மறுமணம் வரை முன்னாள் கணவனின் வீட்டிலேயே தங்கும் வழக்கத்தை அவர் கண்டித்தார். அவர் மணந்த பெண்களிற் சிலரோ, கணவனோடு அமர்ந்து உண்ணும் வழக்கம் தமக்கில்லை என்று இறுதிவரை அவர்முன் உண்ணவேயில்லை. மார்க்கச் சட்டத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும், உடையைப் பற்றிய மார்க்கக் கட்டளையையும் உணவு வேளையின் ஊர்வழக்கத்தையும் ஒரே கண்கொண்டு பார்த்த மனிதர் 1344இல் அமைச்சரோடு பகைத்துக்கொண்டு அங்கிருந்து புறப்பட்டு, நம் புத்தளக் கரையில் வந்திறங்கினார்.

ஊர்வழக்கம் என்பதனாலேயே எல்லாம் நல்லதாகிவிடுமா? ஆகாது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது வேறு, மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்பது வேறு. மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் கல்வீடும் ரொக்கமும் பேரம் பேசுவதற்கு எந்தக் குடியின் வழக்கமும் சான்றாகாது. ராத்தாவுக்கும் தங்கைக்கும் வீடு கட்டி முடிக்கும் வரை தம் மணத்தைத் தள்ளிப்போட்ட சகோதரர்கள் இக்கரையோரத்தில் ஏராளம். தன் சீதன வீட்டைத் தானே கட்டுவதற்காக மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற பெண்களும் இருக்கிறார்கள். இதனைக் கண்டு மனம் நொந்து, அந்த வழக்கமே வேண்டாம் என்போரின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வழக்கத்தை அறியாமல் வெளியிலிருந்து மாற்றும்போது என்ன நடக்கும் என்பதற்கு அண்மை வரலாறே சாட்சி.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடியின் கடலோரத்தையும், திருச்செந்தூர்க் கிராமத்தையும், நாவலடியையும் வாரிச் சென்றது. காத்தான்குடி முதல் கல்முனை, மருதமுனை வரை இழப்பு சொல்லி மாளாது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்ததால், பல குடும்பங்கள் உட்பகுதிகளில் குடியமர்த்தப்பட்டன. அழிந்த வீடுகளும் வளவுகளும் பெரும்பாலும் பெண்களின் பெயரில் இருந்தவை. புதிய வீட்டுக்கான படிவமோ குடும்பத் தலைவர் யார் என்று கேட்டது. அவ்விடத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. காணி உத்தரவுப் பத்திரமும் பல இடங்களில் அப்பெயருக்கே சென்றது. தாயிடமிருந்து மகளுக்கென்று தலைமுறைகளாக வந்த வீடு ஒரு கையெழுத்தில் கைமாறியது. படிவத்தைத் தயாரித்தவர்களிடம் தீய நோக்கம் இருந்ததாகக் கருத இடமில்லை. தாம் பிறந்த ஊரின் ஒழுங்கே நாடெங்கும் ஒழுங்கு என்று அவர்கள் எண்ணினர். மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்து, பெண்ணின் பெயரும் சேர வேண்டுமென்று வாதாடின. கணவன் இறந்தாலோ, பிரிந்து சென்றாலோ அவ்வீடு எவருக்கு என்பதே அவர்களின் கேள்வி. முன்பு அக்கேள்வி எழுவதற்கே இடமிருக்கவில்லை. பிரிந்தவன் தன் உடுப்போடு வெளியேறுவான், வீடு அவளோடு நிற்கும்.

அரச காணிகளை மக்களுக்கு வழங்கும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டினது. உரிமை வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை அது வைத்திருந்தது. அவ்வேற்றத்தாழ்வை நீக்கும் திருத்தம் 2022இல்தான் நிறைவேறியது. ஆழிப்பேரலை வீடுகள் கையளிக்கப்பட்டு அப்போது பதினைந்து ஆண்டுகளளவு கடந்திருந்தன.