கர்ண மோட்சத்தில் எது ஒரிஜினல்?

நூம்பலில் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய இரண்டு ஊர்களில், ஒரே குழுவின் 'கர்ண மோட்சம்' கூத்தை ஒரே மாதத்தில் பார்த்தேன். பாட்டு ஏறக்குறைய ஒன்றுதான். வசனம் வேறு. முதல் ஊரில் பொன்னுருவி அழுது தீர்த்தாள். இரண்டாவது ஊரில் சண்டை போட்டாள். கட்டியங்காரனோ அந்தந்த ஊர்க் கதையை இழுத்துவிட்டார். விடிந்ததும் அவரிடம், "எதுண்ணா சரியான வசனம்?" என்றேன். "அன்னிக்கு அதுதான் சரி. இன்னிக்கு இதுதான்" என்றார்.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்தப் பதில் உறுத்தும். ஒரு மூலப் பிரதி இருந்தாக வேண்டுமே!

ஹோமர் விஷயத்திலும் இதே கேள்விதான். 1930-களில் மில்மன் பாரி யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரிகளைப் பாடுவதைப் பதிவு செய்தார். அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. சந்தத்துக்குப் பொருந்தும் தயார்ச் சொற்றொடர்களைக் கோத்து அப்போதே கட்டினார்கள். இலியட்டில் அக்கிலீஸுக்குத் திரும்பத் திரும்ப அதே அடைமொழி வருவதன் காரணமும் இதுவே என்றார் பாரி. அவர் மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்: வாய்மொழி மரபில் ஒவ்வொரு நிகழ்த்தலும் ஒரு ஒரிஜினல்.

இந்த வெளிச்சத்தைச் சங்கப் பாடல்கள்மேல் பாய்ச்சியவர் ஈழத்து க. கைலாசபதி. கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் செய்த ஆய்வு, 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. பாணர் மரபை ஹோமரின் உலகத்தோடு ஒப்பிட்டு, சங்கப் பாடல்களும் வாய்மொழியாகக் கட்டப்பட்டவையே என்றார். ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் இதை மறுத்தார்: பாணர் பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை இவை என்றார். சங்கக் கவிதையின் செறிவைப் பார்த்தால் எனக்கும் ஹார்ட் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. ஆனால் கைலாசபதியின் கேள்வி, நம் கூத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வில்லிபாரதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூத்தில் பிழை தேடுகிறவர்கள், பொன்னுருவி அன்றைக்கு ஏன் சண்டை போட்டாள் என்பதைத் தவறவிடுகிறார்கள்.

குழுவிலிருந்த ஒரு பையன், நான் போனில் எடுத்த வீடியோவைக் கேட்டான். "அப்படியே மனப்பாடம் பண்ணிடுவேன்ணா." கொடுக்கவும் தயக்கம், மறுக்கவும் மனமில்லை. இரண்டு ஊர் வீடியோவையும் சேர்த்தே அனுப்பினேன்.